கொதிநீரைத் தாங்கிய மண்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பீங்கான் ஆலைகள் உருவாக்கிய கலங்களுள், இன்று முழுமையாகக் கிடைப்பதற்கு மிகவும் அரியவற்றில் காபிக் கெண்டிகளும் சாக்லேட் கெண்டிகளும் அடங்கும். அதே ஆலைகளில் பிறந்த தேநீர்க் கெண்டிகளும் கிண்ணங்களும் தட்டுகளும் ஏலக்கூடங்களுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்க, உயரமான உடலும் வளைந்த மூக்கும் கொண்ட ஒரு காபிக் கெண்டி தன் சொந்த மூடியுடனும் விரிசல் ஏதுமின்றியும் விற்பனைக்கு வருவது சேகரிப்பவர்கள் காத்திருந்து பார்க்கும் நிகழ்வாக உள்ளது. அத்தகைய கெண்டிகள் தேநீர்க் கெண்டிகளைவிடக் குறைவாகவே செய்யப்பட்டன. செய்யப்பட்டவற்றுள் பல சூளையிலேயே சாய்ந்தன. சூளையைக் கடந்து வந்தவற்றுள் பல, கொதிக்கும் பானம் உள்ளே விழுந்த கணத்தில் பிளந்தன. இவற்றுள் பின்னிரண்டு காரணங்களும் அந்த ஆலைகள் கையாண்ட மண்கலவையின் வேதியியலில் வேர்கொண்டவை. ஆகவே ஒரு கெண்டியின் அடியிலுள்ள முத்திரையைப் படிப்பதற்கு முன் அதன் மண்ணைப் படிக்கக் கற்பதே சேகரிப்பவருக்கு முதற்கல்வியாகும்.

காபியும் சாக்லேட்டும் தேநீரும் இங்கிலாந்துக்குள் நுழைந்தது ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். லண்டனின் முதல் காபிக் கடையை 1652இல் கார்ன்ஹில் பகுதியின் ஒரு சந்தில் பாஸ்குவா ரோசே என்பவர் தொடங்கினார். 1657இல் பிஷப்ஸ்கேட் அருகே சாக்லேட் பானம் விற்கப்படுவதாக விளம்பரம் வெளிவந்தது. மூன்று பானங்களும் புதியவை என்பதால் எதற்கு எந்த வடிவக் கலம் என்பது தொடக்கத்தில் உறுதிப்படவில்லை. 1670இல் பெர்க்லி பிரபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த வெள்ளித் தேநீர்க் கெண்டியும், 1681ஆம் ஆண்டுக்குரிய வெள்ளிக் காபிக் கெண்டியும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. இரண்டுமே மேல்நோக்கிக் குறுகும் உயரமான குழாய் வடிவம் கொண்டவை. முதற்கெண்டியின் மேல் அது தேநீருக்குரியது என்று பொறிக்கப்பட்டிராவிட்டால் இன்று எவரும் அதைக் காபிக் கெண்டி என்றே சொல்வர். அடுத்த அரை நூற்றாண்டில் தேநீர்க் கெண்டி உருண்டு குள்ளமாக, உயர்ந்த வடிவம் காபிக்கும் சாக்லேட்டுக்கும் உரியதாக நிலைபெற்றது.

இந்த உயரத்துக்குப் பயன் இருந்தது. அக்காலத்தில் காபித்தூளை நீருடன் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மண்டி அடங்கியபின் பரிமாறும் கலத்துக்கு மாற்றினர். வடிகட்டுதல் முழுமையாக இராத நிலையில் நுண்துகள்கள் அக்கலத்திலும் தொடர்ந்து படிந்தன. உயர்ந்த கலத்தில் மண்டி அடியில் தங்க, மூக்கு அதற்கு மேலிருந்து தொடங்கும்போது தெளிந்த பானமே வெளிவரும். சாக்லேட்டின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. கொக்கோ விதையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அதைப் பிழிந்து நீக்கும் அழுத்து எந்திரத்துக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் 1828இல்தான் காப்புரிமை பெற்றார். அதுவரை சாக்லேட் பானத்தில் கொழுப்பு மேலே மிதக்க, அரைத்த விதை கீழே படிந்தது; ஊற்றுவதற்குச் சற்று முன்னர் மத்து போன்ற ஒரு கடைகோலால் அதைக் கடைந்து நுரைக்கவைக்க வேண்டியிருந்தது. எனவே சாக்லேட் கெண்டியின் மூடியில் கடைகோல் நுழைய ஒரு துளை விடப்பட்டு, அத்துளையை மூடத் தனியே கழற்றக்கூடிய குமிழ் அமைக்கப்பட்டது. நுரையும் கெட்டிப் பானமும் அடைபடாமல் வழிய, மூக்கு குட்டையாகவும் கலத்தின் மேற்பகுதியிலும் அமைந்தது. வெள்ளியில் இவ்வடிவம் தெளிவாகக் காணப்படுகிறது. ஆனால் ஆங்கிலப் பீங்கானில் ஐயத்துக்கு இடமின்றிச் சாக்லேட்டுக்கென்றே செய்யப்பட்டதாகக் கொள்ளத்தக்க கெண்டிகள் மிகச் சில; பல வீடுகளில் ஒரே உயர் கெண்டி இரு பானங்களுக்கும் பயன்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பதால், மூடியில் துளையில்லாத ஒரு கலத்தைச் சாக்லேட் கெண்டி என்று விற்பவர் சொல்லும்போது வாங்குபவர் தயங்குவதே முறை.

இக்கலங்களின் மேல் தீட்டப்பட்ட சீனத் தோட்டங்களையும் பூங்கொத்துகளையும் வியக்கும் எவரும், அவற்றுள் ஊற்றப்பட்டவை எங்கிருந்து வந்தன என்பதை மறந்துவிடலாகாது. காபி தொடக்கத்தில் யேமன் நாட்டின் மோக்கா துறைமுகத்திலிருந்து வந்தது. நூற்றாண்டு முன்னேற, காபியிலும் கொக்கோவிலும் ஒரு பங்கும், அவற்றை இனிப்பாக்கிய சர்க்கரையில் பெரும்பங்கும் கரீபியத் தீவுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் விளைந்தவையாயின. ஆங்கிலப் பீங்கானைப் பற்றிய அழகிய நூல்கள் பலவும் இவ்வுண்மையை ஒதுக்கிவிட்டுச் செல்வது அவற்றின் பெருங்குறை.

பீங்கான் என்பது வெண்மையும் ஒளியை ஊடுருவவிடும் தன்மையும் கொண்ட, நீர் புகாத சுட்ட கலம். சீனாவின் ஜிங்டேஜென் நகரக் குயவர்கள் அதை இரண்டு பொருள்களிலிருந்து செய்தனர்: ஒன்று, எளிதில் உருகாத வெண்களிமண்ணாகிய கயோலின், மற்றொன்று, அதனினும் தாழ்ந்த வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகும் பீங்கான் கல். இவ்விரண்டும் ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படும்போது கல் உருகி இடைவெளிகளை நிரப்ப, களிமண்ணிலிருந்து முல்லைட் எனும் ஊசிவடிவப் படிகங்கள் முளைத்து அக்கண்ணாடியை உள்ளிருந்து கட்டிப்பிடிக்கின்றன. இவ்வாறு உருவாவது வன்பீங்கான் எனப்படும். ஐரோப்பாவில் இதன் மறையை முதலில் அவிழ்த்தவர்கள் சாக்சனி நாட்டில் பணியாற்றிய சிர்ன்ஹவுஸும் பியோட்கரும் ஆவர்; 1710இல் மைசன் நகரில் ஆலை நிறுவப்பட்டது. அதே காலத்தில் ஜிங்டேஜெனில் தங்கியிருந்த ஏசுசபைத் துறவி தாந்த்ரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள், சீனச் செய்முறையை விரிவாக விவரித்து, 1735இல் தூ ஆல்து வெளியிட்ட சீன வரலாற்று நூலின் வழியே ஐரோப்பா முழுவதும் பரவின.

செய்முறை தெரிந்திருந்தும் இங்கிலாந்தின் முதல் ஆலைகளுக்குப் பொருந்திய கயோலினும் கல்லும் கைவசம் இல்லை. அவை கண்ட மாற்றுவழியே மென்பீங்கான்: முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடியைச் சுண்ணாம்போ வெண்களிமண்ணோ சேர்த்துப் பிசைந்து, வன்பீங்கானைவிடத் தாழ்ந்த வெப்பத்தில் சுட்டு, அதன் மேல் ஈயம் கலந்த மெருகு பூசி மீண்டும் சுடுவது. வெள்ளிக் கொல்லராகிய நிக்கோலஸ் ஸ்ப்ரிமாண்ட் 1745ஐ ஒட்டிச் செல்சியில் நடத்திய ஆலை இவ்வகையின் மிக அழகிய விளைச்சலைத் தந்தது. முக்கோணக் குறி பொறிக்கப்பட்ட அதன் தொடக்ககாலப் படைப்புகளுள், தேயிலைச் செடியின் கிளைகளைப் புடைப்பாக உடலில் படரவிட்ட காபிக் கெண்டி ஒன்று உண்டு. வெள்ளிக் கலத்தின் வளைவுகளைப் பால்வெள்ளைக் களியில் மாற்றிய அக்கெண்டி, ஆங்கிலப் பீங்கானின் முதற்பத்தாண்டுகளில் செய்யப்பட்டவற்றுள் மிகச் சிறந்த சிற்பம் என்று சொன்னால் மிகையாகாது. எனினும் கண்ணாடி மிகுந்த அக்களி, தான் ஏந்தவேண்டிய பானத்துக்கே அஞ்சவேண்டிய நிலையில் இருந்தது.

அதன் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இவ்வரலாறு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. வெள்ளி, பீங்கானைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஆகவேதான் வெள்ளிக் கெண்டிகளுக்கு மரத்தாலோ தந்தத்தாலோ கைப்பிடி பொருத்தவேண்டியிருந்தது. பீங்கானோ வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் உடலோடு ஒட்டிய பீங்கான் கைப்பிடியையே வெறுங்கையால் பிடிக்க முடிந்தது. ஆனால் கையைக் காத்த அதே இயல்புதான் கலத்தைப் பிளந்தது. கொதிபானம் ஊற்றப்பட்டதும் உள்சுவர் உடனே சூடேற, வெளிச்சுவர் அறையின் குளிரிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே 80 டிகிரி வேறுபாடு இருக்குமாயின், உள்சுவர் தன் நீளத்தில் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு அளவு விரிய முயலும். கண்ணுக்குத் தெரியாத இச்சிறு விரிவைக் குளிர்ந்த வெளிச்சுவர் தடுத்துப் பிடிக்கும்போது, வெளிச்சுவர் முழுவதும் இழுவிசைக்கு உள்ளாகிறது. சுட்ட மண் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவையை மிகக் குறைவாகவே தாங்கும். வெளிப்பரப்பில் ஏற்கெனவே உள்ள ஏதேனும் நுண்கீறல், குறிப்பாக மூக்கும் கைப்பிடியும் உடலோடு சேரும் இடத்திலோ அடிவிளிம்பிலோ உள்ள கீறல், அவ்விழுவையில் வாய்திறந்து ஓடத் தொடங்குகிறது. கண்ணாடியில் அவ்வோட்டத்தை நிறுத்த எதுவும் இல்லை. படிகங்கள் அடர்ந்த களியில் கீறல் ஒவ்வொரு படிகத்தின் எல்லையிலும் திசைமாறவோ நிற்கவோ நேரிடுகிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் வெப்பம் விரைவில் மறுபுறம் சேர்ந்து வேறுபாடும் குறையும். ஆனால் மெல்லிய சுவரைச் சூளையில் சாயாமல் நிறுத்த, அதற்கேற்ற உறுதியான களி தேவை. ஆகவே 1745க்கும் 1755க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஆங்கில ஆலைகள் ஒன்றையொன்று முந்த முயன்றது, கண்ணாடியைக் குறைத்துப் படிகத்தைக் கூட்டும் பொருள் எது என்ற தேடலிலேயே.

லண்டனின் கிழக்கே இயங்கிய போ ஆலையின் விடை எலும்பு. எட்வர்ட் ஹெய்லினும் தாமஸ் ஃப்ரையும் 1744இல் பெற்ற முதல் காப்புரிமை, அமெரிக்காவின் செரோக்கி மக்களின் நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட, 'உனாக்கர்' என்று அழைக்கப்பட்ட வெண்களிமண்ணைக் குறிப்பிடுகிறது. 1749இல் ஃப்ரை பெற்ற இரண்டாவது காப்புரிமையின் மறைமொழிக்குள் ஒளிந்திருப்பது சுட்ட எலும்பின் சாம்பல். மாட்டெலும்பைச் சுட்டால் கிடைப்பது கால்சியம் பாஸ்பேட். அது களியில் கரையாமல் நுண்படிகங்களாக நின்று உறுதி தருகிறது. போ களியின் பகுப்பாய்வுகள் அதில் எலும்புச் சாம்பல் 40 விழுக்காட்டை ஒட்டி இருந்ததைக் காட்டுகின்றன. கிழக்குக் கடற்கரையின் லோஸ்டாஃப்ட் ஆலையும் இவ்வழியையே பின்பற்றியது. இக்களி செல்சியின் கண்ணாடிக் களியைவிடத் திடமானது. ஆனால் முழுவதும் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றதால், மெருகு தேய்ந்த இடங்களில் காபியும் தேநீரும் ஊறிப் பழுப்புக்கறை படிந்த போ கலங்கள் பல இன்றும் காணக்கிடைக்கின்றன. நூற்றாண்டின் இறுதியில் ஸ்போட் ஆலை எலும்புச் சாம்பலோடு கார்ன்வால் கயோலினையும் கல்லையும் சேர்த்து முழுமையாக்கிய எலும்புப் பீங்கானே இன்று உலகெங்கும் விற்கப்படும் 'போன் சைனா' என்பதால், போ ஆலையின் எண்ணம் அழியவில்லை.

பிரிஸ்டல் நகரின் விடையோ மாக்கல். பெஞ்சமின் லண்ட் என்பவர் 1748-49 காலத்தில் கார்ன்வாலின் லிசர்டு தீபகற்பத்தில் மாக்கல் தோண்ட உரிமம் பெற்று அதைப் பீங்கான் களியில் கலந்தார். மாக்கல் என்பது டால்க் எனும் கனிமம் மிகுந்த மென்பாறை. மக்னீசியம், சிலிக்கா ஆகியவற்றின் சேர்மமாகிய அக்கனிமம் சூட்டில் தன் நீரை இழந்து என்ஸ்டடைட் என்னும் புதிய படிகமாக மாறுகிறது. தமிழகத்தில் குழம்பு வைக்கப் பயன்படும் கல்சட்டி இக்கல்லின் இனத்தைச் சேர்ந்ததே. அடுப்பின் நேரடிச் சூட்டை அது பொறுப்பதைக் கண்ட எவருக்கும் லண்டின் தேர்வு எத்துணை பொருத்தமானது என்பது விளங்கும். 1751இல் மருத்துவர் ஜான் வாலும் மருந்து வணிகர் வில்லியம் டேவிஸும் பங்காளிகள் பலரைச் சேர்த்து ஊஸ்டர் நகரில் ஓர் ஆலை தொடங்கினர். அடுத்த ஆண்டிலேயே பிரிஸ்டல் ஆலையும் அதன் களிச் செய்முறையும் ஊஸ்டரோடு இணைக்கப்பட்டன. 1758இல் ராபர்ட் டாஸி வெளியிட்ட கைத்தொழில் நூல், ஊஸ்டர் கலங்கள் உண்மையான சீனப் பீங்கானைப் போலவே சுடுநீரைத் தாங்குவதாகவும் விலையும் மலிவு என்றும் பதிவுசெய்தது. ஓர் ஆலையின் நற்பெயர் அதன் ஓவியத்தால் வளராமல் கொதிநீரால் வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஊஸ்டரின் வெற்றிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெருகும் களியும் வெப்பத்தில் ஒரே அளவு விரிந்து சுருங்காவிட்டால் மெருகில் வலைபோன்ற நுண்விரிசல் படரும். சூடான பானம் அவ்விரிசல்களின் வழியே களிக்குள் ஊறிக் கறைபடுத்தும். ஊஸ்டரில் இவ்விரு விரிவுகளும் நன்கு ஒத்திருந்ததால் அதன் மெருகு பெரும்பாலும் வலைவிரிசல் இன்றியே இன்றுவரை நிற்கிறது. இத்தகைய களியின் மறையைக் காப்பது எளிதாக இருக்கவில்லை: ராபர்ட் பாட்மோர் என்னும் பணியாளர் 1755ஐ ஒட்டி ஊஸ்டரை விட்டு லிவர்பூலின் ரிச்சர்ட் சாஃபர்ஸோடு சேர, அங்கும் மாக்கல் பீங்கான் பிறந்தது. 1770களில் காலி ஆலையும் அதையே கையாண்டது. தப்பிப் பிழைத்த 18ஆம் நூற்றாண்டுக் காபிக் கெண்டிகளில் ஊஸ்டர், லிவர்பூல், காலி ஆகியவற்றின் படைப்புகள் மிகுதியாகவும் கண்ணாடிக் களியைக் கையாண்ட செல்சி, லாங்டன் ஹால் ஆகிய ஆலைகளின் படைப்புகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவும் இருப்பதில் மாக்கல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

கொதிநீரைத் தாங்குவதற்கு முன் கெண்டி சூளையைத் தாங்க வேண்டும். உயர்ந்த கலத்தைச் சக்கரத்தில் வனைந்தோ அச்சில் அழுத்தியோ உருவாக்கி, ஓரளவு உலர்ந்தபின் கடைசல் பொறியில் சுவரை மெலியவைத்து, தனியே செய்த மூக்கையும் கைப்பிடியையும் கூழ்க்களியால் ஒட்டி, சாம்பலும் புகையும் படாமலிருக்கக் காப்புப் பெட்டி எனப்படும் கரடுமுரடான மண்கூட்டுக்குள் வைத்துச் சுட்டனர். பீங்கான் பீங்கானாகும் வெப்பநிலையில் களியின் ஒரு பகுதி உருகிய நிலையில் இருப்பதால், கலம் தன் எடையாலேயே தளர்ந்து வளையத் தொடங்குகிறது. மென்பீங்கானில் இந்நிலைக்கும் முற்றிலும் சரிந்துவிழும் நிலைக்கும் இடையே உள்ள வெப்ப இடைவெளி மிகக் குறுகியது. குள்ளமான தேநீர்க் கெண்டி சற்றே தளர்ந்தாலும் அதன் வடிவம் பிழைத்துக்கொள்ளும். உயர்ந்த கெண்டியிலோ ஒருபுறம் மூக்கும் மறுபுறம் கைப்பிடியும் தத்தம் எடையால் இழுக்க, நடுவுடல் சாய்ந்துவிடுகிறது. சூளைக்குப் பொறுப்பானவர் அத்துணை வெப்பத்தை அளக்கும் கருவி இல்லாத காலத்தில் நெருப்பின் நிறத்தையும் இடையே எடுத்த மாதிரித் துண்டுகளையும் நம்பியே இவ்வேலையைச் செய்தார் என்பதை எண்ணும்போது, நேராக நிற்கும் ஒவ்வொரு கெண்டியும் பெருந்திறமையின் சான்றாகத் தோன்றுகிறது.

வன்பீங்கானே இங்கிலாந்தில் செய்யப்பட்டபோதும் இத்தொல்லை தீரவில்லை. பிளிமத் நகர மருந்து வணிகரும் குவேக்கர் சமயத்தவருமான வில்லியம் குக்வொர்தி, கார்ன்வாலின் ட்ரெகோனிங் குன்றில் கயோலினைக் கண்டறிந்து, நீண்ட சோதனைகளுக்குப் பின் 1768இல் காப்புரிமை பெற்றார். அவருடைய களி சீனக் களியின் இனமே; ஆனால் அதற்குத் தேவையான உயர்வெப்பத்தை நிலையாகக் காக்கும் சூளை அவரிடம் இல்லை. பிளிமத் கலங்கள் பலவற்றில் மெருகு புகைபடிந்து மங்கியும் கைப்பிடி ஒருபுறம் சரிந்தும் இருக்கும். வனையும்போது விரல்கள் களியில் பதித்த திருகுவரிகள், சக்கரத்தில் தடவி மறைக்கப்பட்டிருந்தாலும், சுடும்போது மீண்டும் மேலெழுந்து உடலைச் சுற்றி ஓடும். குறை என்று அக்காலத்தார் ஒதுக்கிய இத்திருகுவரிகளே இன்று அக்களியை இனங்காட்டும் நம்பத்தகுந்த அடையாளம். 1770இல் ஆலை பிரிஸ்டலுக்கு மாற, பின் ரிச்சர்ட் சாம்பியன் அதை ஏற்றுநடத்தி, 1781இல் காப்புரிமையை ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்களுக்கு விற்றார். அதிலிருந்து நியூ ஹால் பீங்கான் பிறந்தது.

தேநீர்க் கெண்டிகளைவிடக் காபிக் கெண்டிகள் குறைவாகவே செய்யப்பட்டதற்கான காரணம் எளியது. முழுமையான தேநீர்-காபித் தொகுதி ஒன்றில் நாற்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள் இருந்தாலும் காபிக் கெண்டி ஒன்றே. தேநீரை மட்டும் அருந்தும் வீடுகள் அந்த ஒன்றையும் வாங்காமல் விட்டன. கிண்ணங்கள் பன்னிரண்டு இருந்தால் ஒன்று உடைந்தாலும் பதினொன்று எஞ்சும். கெண்டி உடைந்தால் எஞ்சுவது ஏதுமில்லை.

இனி இனங்காணுதல். மெருகின் கீழ்த் தீட்டிய நீலமும் மேல்வண்ணங்களும் பல ஆலைகளில் ஒரே சீன, ஜப்பானிய, மைசன் மாதிரிகளைப் பின்பற்றியவை. ஓவியர்களும் ஆலைவிட்டு ஆலை மாறினர். லண்டனின் ஜேம்ஸ் ஜைல்ஸ் போன்றோர் ஊஸ்டரின் வெற்றுக் கலங்களை வாங்கித் தம் பட்டறையில் வண்ணமிட்டு விற்றனர். முத்திரையோ அதனினும் நம்பத்தகாதது: ஊஸ்டரே மைசனின் குறுக்குவாள் குறியையும் பொய்யான சீன எழுத்துகளையும் தன் கலங்களில் தீட்டியது. ஆகவே அனுபவமிக்க சேகரிப்பாளர் கெண்டியை விளக்கொளிக்கு முன் பிடித்து அதன் ஊடொளியைப் பார்க்கிறார். ஊஸ்டர் களி பெரும்பாலும் பசுமை கலந்த ஒளியையும், காலி களி பலசமயம் வைக்கோல்நிறம் அல்லது ஆரஞ்சு ஒளியையும் தருகின்றன; செவ்வண்ண நங்கூரக் குறிகொண்ட செல்சி கலங்களில், களியில் சிக்கிய காற்றுக் குமிழிகள் நிலாத்துண்டுகளாக ஒளிர்கின்றன; எலும்புச் சாம்பல் மிகுந்த போ கலம் பெரும்பாலும் மங்கலாகவே நிற்கும். அடிவளையத்தின் உட்புறத்தில் மெருகு சற்றே பின்வாங்கி, பென்சில் கோடு பதியும் வறண்ட விளிம்பு ஒன்று இருப்பது ஊஸ்டரின் அடையாளமாக நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஆனால் லிவர்பூலிலும் காலியிலும் அதே விளிம்பு காணப்படுவதால் அதைத் துணைச்சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

கண்ணின் தீர்ப்பை வேதியியல் சரிபார்க்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஹெர்பர்ட் எக்கிள்ஸும் பெர்னார்ட் ராக்கமும் 1922இல் வெளியிட்ட ஆங்கிலப் பீங்கான் பகுப்பாய்வு நூல், களிகளை மூன்று பெருங்குடும்பங்களாகப் பிரிக்க வழிசெய்தது: பாஸ்பரஸ் மிகுந்தால் எலும்புச் சாம்பல் களி, மக்னீசியம் மிகுந்தால் மாக்கல் களி, இரண்டும் குறைந்து ஈயமோ சுண்ணமோ மிகுந்தால் கண்ணாடிக் களி. அன்று இதற்குக் கலத்திலிருந்து சிறு துண்டைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. இன்று ஊடுகதிர் ஒளிர்தல் எனும் முறையில், கலத்தின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திரும்ப உமிழும் கதிரின் ஆற்றலை அளந்து, கலத்தைத் தீண்டாமலேயே பல தனிமங்களை அறிய முடிகிறது. ஆயினும் மக்னீசியம் போன்ற இலகு தனிமங்களின் மெல்லிய கதிர்களை மேல்மெருகு மறைத்துவிடும் என்பதால், மெருகற்ற அடிவிளிம்பில் அளப்பதே பயன்தரும்.

இதனினும் பெரிய திருப்பத்தை ஏற்படுத்தியவர்கள் தொல்லியலாளர்கள். சூளையில் கெட்டுப்போய்க் குழியில் எறியப்பட்ட துண்டுகள் எங்கும் பயணிப்பதில்லை. எங்கு செய்யப்பட்டனவோ அங்கேயே புதைந்துள்ளன. லிவர்பூலின் வில்லியம் ரீட் செய்தவை என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு கலக்குழு, 1990இல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் நிகழ்ந்த அகழ்வாய்வுக்குப்பின், 1745ஐ ஒட்டித் தொடங்கி 1748க்குள் மூடப்பட்ட லைம்ஹவுஸ் ஆலையின் படைப்புகள் என்று தெளிவானது. அவ்வாறே லிவர்பூலின் வில்லியம் பாலுக்கு உரியனவாக நூல்கள் சொல்லிவந்த பளபளக்கும் நீலக் கலங்கள், 1980களின் அகழ்வாய்வால் தேம்ஸ் கரையின் வாக்ஸ்ஹால் ஆலைக்குத் திரும்பின. கலம் மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு ஒரே பருவத்தில் இருநூறு மைல் நகர்ந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான் பார்ட்லம் நடத்திய ஆலைத்தளத்தின் துண்டுகளோடு ஒப்பிடப்பட்ட ஒரு தேநீர்க் கெண்டி, ஆங்கிலக் கலம் என்று கருதப்பட்ட நிலையிலிருந்து அமெரிக்கப் பீங்கானாக இனங்காணப்பட்டு, மூடியில்லாமலும் கைப்பிடி பழுதுற்றும் இருந்தபோதிலும், 2018இல் சாலிஸ்பரி ஏலத்தில் 4,60,000 பவுண்டுக்கு விலைபோய் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

விலை ஏறும் இடத்தில் போலியும் பழுதுமறைப்பும் வரும். பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் செல்சி, ஊஸ்டர் கலங்களை வன்பீங்கானில் படியெடுத்தது. சாம்பல் சாயலும் கண்ணாடிபோல் குளிர்ந்த பளபளப்பும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். செல்சியின் உண்மையான தங்க நங்கூரக் குறி மிகச் சிறியது. பெரிதாகத் தெளிவாகத் தீட்டிய நங்கூரம் ஐயத்துக்குரியது. காபிக் கெண்டியில் முதலில் ஆராயவேண்டிய இடங்கள் மூக்கின் நுனி, கைப்பிடியின் மேலொட்டு, மூடி ஆகியன. நுனி உடைந்து பிசினால் புதுப்பிக்கப்பட்டிருந்தால் புறஊதா விளக்கொளியில் அப்பகுதி வேறு நிறத்தில் ஒளிரும். மூடி வேறொரு கெண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் மெருகின் சாயலோ நீலத்தின் அடர்வோ உள்விளிம்பின் பொருத்தமோ சற்றே பிசகும். பழுது இருப்பது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். விரிசலோடும் உண்மையோடும் நிற்கும் ஒரு லைம்ஹவுஸ் கெண்டி, மெருகேற்றி மறைக்கப்பட்ட பத்துக் கலங்களைவிட ஆய்வுக்கு மதிப்புடையது.

இத்துறைக்கு அறிவு சேர்த்தவர்களுள் பலர் ஆலைகளைச் சாராத சேகரிப்பாளர்களே. ஐரோப்பாவின் பழம்பொருள் கடைகளில் கணவரோடு பல்லாண்டு தேடித்திரிந்த ஷார்லட் ஷ்ரைபர் சீமாட்டி, தம் ஆங்கிலக் கலங்களின் தொகுப்பை 1884இல் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அளித்ததோடு, எங்கு எதை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். அந்நாட்குறிப்புகள் 1911இல் நூலாயின. லாங்டன் ஹால் ஆலையின் தளத்தை 1950களில் அகழ்ந்த பெர்னார்ட் வாட்னி தம் சேகரிப்பை ஆய்வுப்பொருளாகவே நடத்தினார். வாங்கிய விவரம் எழுதப்பட்ட கலம், எழுதப்படாத அதே கலத்தைவிடப் பலமடங்கு பேசுகிறது. ஆகவே இன்று ஒரு கெண்டியைப் பெறுபவர் அதன் அடியில் ஒட்டிய பழைய தொகுப்புச் சீட்டை நனைத்து உரித்தெடுக்காமல் விடவேண்டும். வாங்கிய பட்டியலையும் பழுதுபார்த்த குறிப்பையும் கலத்தோடு சேர்த்துவைக்க வேண்டும். உடைந்தால் துண்டுகளை எறியாமல் அருகிலுள்ள அருங்காட்சியகத்தின் ஆய்வுத்தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும்.